கொங்கும் தும்பியும்: குறுந்தொகை 2ஆம் பாடல் – ஒரு மறுவாசிப்பு

குறுந்தொகையின் 2ஆம் பாடல் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கூந்தல் மணத்திலேயே நின்றுவிடுகின்றன. அம்மணம் இயற்கையானதா, செயற்கையானதா என நக்கீரரை இறைவனோடு வாதிடச் செய்த திருவிளையாடற் கதையே இதற்கு முதற்காரணம். பாடலில் தலைவன் வினவுவது தும்பியை. சான்று கூற அழைக்கப்பட்ட அவ்வுயிருக்கு அதற்குரிய தகுதி யாது என்ற வினா அக்கதையின் நிழலில் மறைந்துபோயிற்று.

அத்தகுதி பாடலின் முதற்சொல்லான ‘கொங்கு’ என்பதில் உள்ளது. இச்சொல்லுக்கு மணம், தேன், பூந்தாது என மூன்று பொருள்களும் உண்டு. உ.வே. சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்புரை பூந்தாது என்றே கொள்கிறது. வகுப்பறை விளக்கங்களிலோ அது எளிதில் தேனாகிவிடுகிறது. (தும்பி என்றதும் தட்டான் நினைவுக்கு வருவதும் இன்றைய வழக்கால் நேர்ந்த மயக்கமே, தட்டான் சிறு பூச்சிகளை வேட்டையாடுவது, மலரை உண்பதன்று.)

தாது தேனாவது சிறிய மாற்றமன்று. பூந்தேன், பூச்சிகளை வரவழைக்க மலர் சுரக்கும் சர்க்கரை நீர். தாதோ செடியின் ஆண் அணுக்களைத் தாங்கியது. தேனீ தன் புழுக்களை வளர்க்கும் புரத உணவும் அதுவே. பூச்சிக்கு உணவாகும் தாது மற்றொரு மலரின் சூலகமுடியைச் சேர்வதில்லை. ஆதலின் தேனைத் தாராளமாக வழங்கும் மலரும் தாதை அளந்தே தருகிறது. மடலேறும் தலைவன் சூடும் ஆவிரை இதற்குத் தக்க சான்று. அம்மலரில் தேன் இல்லை. தாதும் மகரந்தப்பையின் நுனித்துளை வழியே மட்டும் வெளிப்படும். மரத்தைத் துளைத்துக் கூடமைக்கும் பெரிய கருவண்டு மலரைப் பற்றிக்கொண்டு, பறப்புத் தசைகளை அதிரச் செய்து அதனை உதிர்க்கிறது. தேனீக்கு அவ்வாறு அதிர்விக்க இயலாது.

மலருக்கு மலர் தாவும் வண்டைப் பரத்தமைக்கு உவமையாக்கும் மரபையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். தேனீ ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே வகை மலரையே நாடும் என்பதை அரிஸ்டாட்டிலே குறித்திருக்கிறார். உணவு கிடைத்த மலரின் மணத்தைத் தேனீ நினைவிற்கொண்டு மீண்டும் தேடிச் செல்லும் என்பதைக் கார்ல் வான் ஃபிரிஷின் சோதனைகள் காட்டின. பருவந்தோறும் பூப்பவை மாற, அது அறியும் மணங்களும் பெருகும். மணத்தைப் பிழையாக உணர்ந்தால் உழைப்பு வீணாகும், புழுக்களுக்கு உணவு குறையும். மணம் பற்றி வினவத் தலைவன் இத்தகைய ஒன்றையே தெரிந்துகொண்டான். தனக்கு உவப்பானதைக் கூறாது அறிந்ததைக் கூறுமாறு அவன் வேண்டுவதும் இதனாலேயே வலுப்பெறுகிறது. ‘தேர்தல்’ என்ற வினையை வெறும் தேடலாகக் கொள்ளும் உரைகள் இவ்வலுவை இழக்கின்றன.

பிற்கால அறிவியலைப் பாட்டின்மேல் ஏற்றுவதாக இவ்வாசிப்பு தோன்றலாம். புலவர் புரதத்தை அறிந்திருக்க வேண்டுவதில்லை. தாதும் நறவும் வேறு என்பது அவர் மொழியிலேயே உள்ளது. அகநானூற்றின் 4ஆம் பாடலிலும் வண்டு தாது உண்பதாகவே குறிக்கப்படுகிறது. அங்கு அது துணையோடு உறைகிறது. உணவு தேடும் தேனீக்கள் இணையாக உறைவதில்லை என்பது வேறு. அவ்வண்டுகள் அஞ்சிக் கலையாதவாறு தேர்மணிகளின் நாவைக் கட்டிவைத்து வருகிறான் அப்பாடலின் தலைவன்.