வாஷிங்டன் மீது கோபம், மாடிசனில் தண்டனை

2010 நவம்பர் 2 காலையில், மாடிசனைத் தலைநகராகக் கொண்ட விஸ்கான்சின் மாநிலத்தின் ஆளுநர் பதவியும் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் ஜனநாயகக் கட்சியிடம் இருந்தன. அன்றிரவு வாக்கு எண்ணிக்கை முடிந்தபோது மூன்றுமே கைவிட்டுப் போயிருந்தன. கீழவையின் சபாநாயகரும் மேலவையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவரும் சொந்தத் தொகுதிகளிலேயே தோற்றிருந்தார்கள். விஸ்கான்சின் மட்டும் அல்ல. அமெரிக்கா முழுவதும் மாநிலச் சட்டமன்றங்களில் ஏறத்தாழ 700 இடங்களை அன்று ஒரே நாளில் குடியரசுக் கட்சி கூடுதலாகப் பிடித்தது. சுமார் 20 அவைகள் கைமாறின. அலபாமா சட்டமன்றம் 136 ஆண்டுகளுக்குப் பிறகு ஜனநாயகக் கட்சியை விட்டுப் போனது.

இத்தனை மாநிலங்களிலும் ஜனநாயகக் கட்சியினர் ஒரே மாதிரி ஆண்டிருக்க முடியாது. சில இடங்களில் நன்றாகவும் சில இடங்களில் மோசமாகவும் ஆண்டிருப்பார்கள். ஆனால் எல்லோருக்கும் கிடைத்த மதிப்பெண் ஒன்றுதான். காரணம், வாக்குச்சீட்டில் பெயரே இல்லாத ஒருவர். ஒபாமா வெள்ளை மாளிகைக்கு வந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வேலையின்மை கடுமையாக இருந்தது. மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பெரிய சண்டையைக் கிளப்பியிருந்தது. அந்தக் கோபம் மாநிலங்களின் மேல் இறங்கியது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அதிபரின் பதவிக்காலத்துக்கு நடுவில் வரும் அமெரிக்க இடைக்காலத் தேர்தலில் எய்தவருக்கு எதிராக வாக்களிக்கவே வழியில்லை என்பதால் அம்புகள்தான் அடிவாங்குகின்றன.

அங்கே ஆளுநர் நியமனப் பதவி அல்ல. மக்கள் தேர்ந்தெடுக்கும், நம் முதலமைச்சரின் இடத்தில் இருக்கும் பதவி. 50 மாநிலங்களில் 36, அதிபர் தேர்தல் இல்லாத இந்த நடு ஆண்டில்தான் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கின்றன. பல மாநிலங்கள் இதைத் திட்டமிட்டே ஏற்படுத்திக்கொண்டன. புளோரிடா 1964இல் ஓர் ஆளுநரை இரண்டே ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுத்து, அடுத்த தேர்தலை 1966க்குக் கொண்டுபோனது. இல்லினாய்ஸ் 1976இல் அதையே செய்தது. அதிபர் வேட்பாளரின் செல்வாக்கில் மாநில வேட்பாளர் ஜெயிப்பதோ தோற்பதோ கூடாது, மாநில விவகாரங்களை மக்கள் தனியாக எடைபோட வேண்டும் என்பதே இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். நல்ல நோக்கம்தான். அதிபர் தேர்தலின் அலையிலிருந்து தப்பினார்கள். அதிபருக்கு எதிரான அலையில் போய் மாட்டிக்கொண்டார்கள்.

அரசியல் அறிஞர் ஸ்டீவன் ராஜர்ஸ் மாநிலச் சட்டமன்றத் தேர்தல்களைத் தொடர்ந்து ஆராய்ந்தவர். உறுப்பினர் சபையில் என்ன செய்தார், எப்படி வாக்களித்தார் என்பவற்றைவிட, அதிபரைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதே அந்த உறுப்பினருடைய வெற்றி தோல்வியில் பெரிய பங்கு வகிக்கிறது என்று காட்டினார். இதில் வாக்காளரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2018இல் எடுத்த கருத்துக் கணிப்பில், தங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. பெயர் தெரியாத ஒருவரின் செயல்பாட்டை எதை வைத்து எடைபோடுவது? மாநிலத் தலைநகரங்களில் முழுநேரமாகச் செய்தி சேகரித்த நாளிதழ் நிருபர்களின் எண்ணிக்கை 2003க்கும் 2014க்கும் இடையில் மூன்றில் ஒரு பங்கு சரிந்துவிட்டது. உள்ளூர்ப் பத்திரிகை மூடப்பட்ட ஊரில் வாக்காளருக்குக் கிடைப்பது தேசியத் தொலைக்காட்சியின் கூச்சல் மட்டுமே. பல தொகுதிகளில் இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்று வேட்பாளரையே நிறுத்துவதில்லை என்பது இதைவிடப் பெரிய அவலம். அங்கே எடைபோட ஒன்றுமே இல்லை.

இதற்கெல்லாம் பிறகும் இந்த முறையை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அமெரிக்க அதிபரை நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டுக் கீழே இறக்க முடியாது. நான்கு ஆண்டுகள் எளிதில் அசைக்க முடியாத அதிகாரம் அது. நடுவில் மக்கள் ஒரு தடவை குறுக்கே பேச வாய்ப்பிருப்பது நல்லதுதான். ஒரு கட்சி தலைநகரைப் பிடித்தால் இரண்டு ஆண்டுகளில் மாநிலங்களில் இழக்கிறது; இப்படி அதிகாரம் ஒரே இடத்தில் குவியாமல் தடுக்கப்படுகிறது. இந்த ஊசல் ஒரே பக்கம் ஆடவும் இல்லை. 2018இல் டிரம்ப் மீதான கோபத்தில் ஜனநாயகக் கட்சி 7 ஆளுநர் பதவிகளையும் 300க்கு மேற்பட்ட சட்டமன்ற இடங்களையும் கூடுதலாகப் பெற்றது. நெவாடாவில் 2014இல் இரண்டு அவைகளும் குடியரசுக் கட்சிக்குப் போயின; 2016இல் இரண்டும் திரும்பி வந்தன.

மாநிலத்தை மாநிலமாகவே பார்த்து வாக்களிப்பவர்களும் அடியோடு மறைந்துவிடவில்லை. டிரம்ப் பெரும் வித்தியாசத்தில் வென்ற கான்சாஸில், ஜனநாயகக் கட்சியின் லாரா கெல்லி 2018இலும் 2022இலும் ஆளுநரானார். இரண்டாவது தடவை அவர் வென்றபோது அதிபர் அவருடைய கட்சிக்காரர்தான். அலை எதிர்த்திசையில் வீச வேண்டிய ஆண்டு அது. ஜனநாயகக் கட்சியின் கோட்டையான மேரிலாந்தில் குடியரசுக் கட்சியின் லாரி ஹோகன் 2014இலும் 2018இலும் வென்றார். அதிபர் வேட்பாளரின் பெயர் அதே சீட்டின் உச்சியில் இருந்திருந்தால் இவர்கள் பாடு திண்டாட்டமாகியிருக்கும். அந்த வகையில் புளோரிடாக்காரர்களும் இல்லினாய்ஸ்காரர்களும் போட்ட கணக்கு முழுக்கத் தப்பவில்லை.

ஆகவே ஆட்சி கைமாறுவதை நான் குறையாகப் பார்க்கவில்லை. கைமாறிய ஆட்சி மறுபடியும் கைமாற வழியைத் திறந்து வைக்கிறதா என்பதே என் கேள்வி. இங்கேதான் 2010 மற்ற இடைக்காலத் தேர்தல்களிலிருந்து வேறுபடுகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதற்கு அடுத்த ஆண்டு தொகுதி எல்லைகள் மாற்றி வரையப்படுகின்றன. பெரும்பாலான மாநிலங்களில் அதைச் செய்வது சட்டமன்றமே. அதாவது 2010இல் வென்றவர்களின் கையில், தாங்களே அடுத்து நிற்கப்போகும் தொகுதிகளின் எல்லைக்கோடும் கூடவே வந்தது. இதை முன்கூட்டியே கணக்குப்போட்ட குடியரசுக் கட்சியினர் ‘ரெட்மேப்’ என்று பெயரிட்டு, சுமார் 3 கோடி டாலர் செலவில், கைமாறக்கூடிய சட்டமன்றங்களாகப் பார்த்துக் குறிவைத்தார்கள். எதிர்க்கட்சி தூங்கிக்கொண்டிருந்தது என்பதே உண்மை. 2012இல் நாடாளுமன்றக் கீழவைக்கு ஜனநாயகக் கட்சி நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கு மேல் கூடுதல் வாக்குகள் பெற்றும், இடங்கள் 234க்கு 201 என்று குடியரசுக் கட்சிக்கே போயின. பென்சில்வேனியாவில் வாக்கில் முந்திய ஜனநாயகக் கட்சிக்கு 18 இடங்களில் 5தான் கிடைத்தன.

விஸ்கான்சினுக்குத் திரும்புவோம். புதிய ஆளுநர் ஸ்காட் வாக்கர் பதவியேற்று ஒன்றரை மாதத்துக்குள், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டுப்பேர உரிமையை அநேகமாக இல்லாமல் ஆக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிரச்சாரத்தில் அவர் முன்வைக்காத திட்டம் அது. வாக்கெடுப்புக்குப் போதிய உறுப்பினர்கள் இல்லாமல் செய்ய ஜனநாயகக் கட்சியின் மேலவை உறுப்பினர்கள் 14 பேரும் இல்லினாய்ஸுக்குப் போய்ப் பதுங்கினார்கள். ஆனாலும் சட்டம் நிறைவேறியது. 2012இல் அவரைத் திரும்ப அழைக்க நடந்த வாக்கெடுப்பிலும் வாக்கர் ஜெயித்தார்; ஆகவே இந்தச் சட்டத்தை மக்கள் விரோதம் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட முடியாது. சங்கச் சட்டம் வீதிக்கு வந்து எல்லோரும் பார்க்க நடந்த சண்டை. அந்தச் சட்டம் வந்த அதே ஆண்டில் சத்தமில்லாமல் நடந்த இன்னொரு காரியம்தான் அதிக காலம் நின்றது. புதிய தொகுதி வரைபடத்தை ஒரு தனியார் சட்ட நிறுவனத்தின் அலுவலகத்தில் வைத்துத் தயாரித்தார்கள். தங்கள் தொகுதி எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்க வந்த ஆளுங்கட்சி உறுப்பினர்களிடம் ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்கினார்கள்.

அதன் பலனை 2018இல் பார்க்கலாம். அந்த ஆண்டு வாக்கரை டோனி எவர்ஸ் தோற்கடித்தார். மாநிலம் தழுவிய பதவிகள் அனைத்தையும் ஜனநாயகக் கட்சி வென்றது. கீழவைக்கான மொத்த வாக்குகளிலும் அதற்கே பாதிக்கு மேல் கிடைத்தது. ஆனால் கீழவையில் 99 இடங்களில் 63 குடியரசுக் கட்சிக்கு. மில்வாக்கியிலும் மாடிசனிலும் ஜனநாயகக் கட்சியின் வாக்காளர்கள் நெருக்கமாகக் குவிந்திருப்பதும், பல தொகுதிகளில் போட்டியே இல்லாததும் இந்த வித்தியாசத்தில் ஒரு பங்குக்குக் காரணம். மீதிக்குக் காரணம் வரைபடம். தோற்ற கட்சியின் சட்டமன்றப் பெரும்பான்மை, புதிய ஆளுநர் பதவியேற்பதற்கு முன்பே டிசம்பரில் கூடி அவருடைய அதிகாரங்களைக் குறைத்துச் சட்டம் போட்டது. 2010இல் ஒபாமா மீதிருந்த கோபத்தின் விளைவை, ஒபாமா பதவியை விட்டு இறங்கிய பிறகும் விஸ்கான்சின் அனுபவித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து மாநிலமான மிச்சிகனையும் அதே 2010 அலை அடித்தது. அங்கும் அதே மாதிரி வரைபடம். ஆனால் மிச்சிகனில் மக்கள் கையெழுத்துத் திரட்டி அரசமைப்பையே திருத்த வழி உண்டு, விஸ்கான்சினில் கிடையாது. 2016 தேர்தல் முடிந்த இரண்டாம் நாள் கேட்டி ஃபாஹே என்ற இளம்பெண் முகநூலில் போட்ட ஒரு பதிவில் தொடங்கிய இயக்கம், நான்கு லட்சத்துக்கு மேல் கையெழுத்துகளைச் சேர்த்தது. 2018இல் 61 சதவீத வாக்காளர்களின் ஆதரவோடு, எல்லை வரையும் வேலை சட்டமன்றத்திடமிருந்து பிடுங்கப்பட்டது. குலுக்கலில் தேர்வாகும் 13 குடிமக்களின் ஆணையம் வந்தது: ஒவ்வொரு கட்சியிலிருந்தும் 4 பேர், எந்தக் கட்சியையும் சாராதவர்கள் 5 பேர். இந்த ஆணையமும் அப்பழுக்கற்றது அல்ல. டெட்ராய்ட் பகுதியில் அது வரைந்த 13 தொகுதிகள் இன அடிப்படையில் அமைந்தவை என்று 2023 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் செல்லாதாக்கியது. கறுப்பின வாக்காளர்கள் தங்கள் பிரதிநிதித்துவம் சிதறிப்போனதாகக் கொதித்தார்கள். அதில் நியாயம் இருந்தது.

ஆனாலும் ஆட்சி கைமாறும் வழி திறந்தது. 2022இல் பைடன் மீது மக்களுக்குப் பெரிய பிரியம் ஒன்றும் இல்லை. வழக்கப்படி அவருடைய கட்சி மாநிலங்களில் அடிவாங்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஜூனில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை மாநிலங்களின் முடிவுக்கு விட்டிருந்தது. மாநிலச் சட்டமன்றம் தன் வாழ்க்கையில் எதைத் தொடும் என்பது வாக்காளருக்குத் திடீரென்று கண்முன் நின்றது. மிச்சிகனின் இரண்டு அவைகளும் ஜனநாயகக் கட்சிக்கு வந்தன. ஆளுநரும் இரு அவைகளும் சேர்ந்து அக்கட்சியிடம் வந்தது ஏறத்தாழ 40 ஆண்டுகளில் முதல் முறை. 1934க்குப் பிறகு, அதிபரின் கட்சி எந்த மாநிலத்திலும் ஓர் அவையைக்கூட இழக்காத முதல் இடைக்காலத் தேர்தல் அதுவே. மின்னசோட்டாவில் மேலவை 34க்கு 33 என்று ஒரே இட வித்தியாசத்தில் கைமாறியது. அந்த ஓரிடத்தைக் கொண்டு பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச உணவு, ஊதியத்தோடு குடும்ப விடுப்பு என்று சட்டங்கள் வந்தன. யாருக்கு வாக்களித்தால் என்ன நடக்கும் என்பது இவ்வளவு துலக்கமாகத் தெரியும் தேர்தல் எந்த நாட்டிலும் அபூர்வம். 2024இல் மிச்சிகன் கீழவை குடியரசுக் கட்சிக்குத் திரும்பிப் போனது. அது அந்த வரைபடத்துக்குக் கிடைத்த நற்சான்றிதழ் என்பேன்.

இத்தனை மெல்லிய பெரும்பான்மைகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வட கரோலினாவில் 2023இல் டிரிஷா கோத்தம் என்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினர் வென்ற சில மாதங்களில் எதிர்முகாமுக்குப் போனார். அந்த ஒருவரால் ஆளுநரின் தடையுரிமையை மீறும் பலம் குடியரசுக் கட்சிக்குக் கிடைத்து, கருக்கலைப்புக்கு 12 வாரக் கட்டுப்பாடு சட்டமாகிவிட்டது. நம்மூர்க் கட்சித்தாவல் தடைச் சட்டத்தில் ஆயிரம் ஓட்டைகள் இருக்கலாம். அமெரிக்காவில் ஓட்டை போடவும் சட்டம் கிடையாது.

இந்த அலைச் சிக்கல், தேர்தலை வேறு ஆண்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அதிபர் தேர்தலோடு சேர்த்தால் வாக்குப்பதிவு உயரும். 2014 இடைக்காலத் தேர்தலில் தகுதியுள்ளவர்களில் 36 சதவீதத்தினரே வாக்களித்தார்கள், இளைஞர்கள் அநேகமாக வீட்டிலேயே இருந்தார்கள். இந்த வாதத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அலையிலிருந்து தப்ப அது வழியல்ல. வர்ஜீனியா பெரும்பாலான மாநிலங்களிலிருந்து விலகி, அதிபர் தேர்தலுக்கு மறு ஆண்டில் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கிறது. 1977 முதல் அங்கே, 2013 ஒன்றைத் தவிர, ஒவ்வொரு தடவையும் அதிபரின் கட்சிதான் தோற்றிருக்கிறது. வாக்காளரின் தலைக்குள் வாஷிங்டன் உட்கார்ந்திருக்கும்வரை நாட்காட்டியைத் திருத்திப் பெரிய பலன் இல்லை. எல்லைக்கோட்டை வென்றவர் கையிலிருந்து எடுப்பதே செய்யக்கூடிய காரியம். கட்சி நோக்கில் வரையப்பட்ட எல்லைகளில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தலையிடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், அதையும் மாநிலம் மாநிலமாகத்தான் செய்தாக வேண்டும்.

விஸ்கான்சினில் அது பாதியில் நிற்கிறது. 2023இல் மாநில உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை மாறிய பின் பழைய சட்டமன்ற வரைபடம் செல்லாதாகி, 2024இல் புதியது வந்தது. அதன் கீழ் நடந்த தேர்தலில் கீழவை 54க்கு 45 என்று நெருங்கியது. ஆனால் வரையும் அதிகாரம் இன்றும் சட்டமன்றத்திடமும் ஆளுநரிடமுமே இருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பு 2030இல். அந்த நவம்பரில் விஸ்கான்சின் தன் ஆளுநரையும் கீழவை முழுவதையும் தேர்ந்தெடுக்கும். அதுவும் ஓர் இடைக்காலத் தேர்தல்தான். அப்போது வெள்ளை மாளிகையில் யார் இருப்பார், அவர் மேல் மக்களுக்கு என்ன கோபம் இருக்கும் என்பதைப் பொறுத்து 2031இல் யாரோ கோடு போடுவார்கள்.