மரபுக் காப்புச் சாசனமும் நமது ஆலயங்களும்

பழைய ஆலயத்தை இடித்துப் புதியதொன்றைக் கட்டுவது என்னும் தீர்மானம் சபைக் குழுவின் முன் வைக்கப்படும்போது அதனை எதிர்த்துப் பேசுவோர் அரியர். இடம் போதவில்லை என்பர். கூரை ஒழுகுகிறது என்பர். அடுத்த ஊர்ச் சபையார் கட்டிவிட்டார்கள் என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நூறாண்டு நின்ற சுவர் ஒரு வாரத்தில் தரைமட்டமாகும். இத்தகைய தீர்மானங்களில் கையொப்பமிடும் பொறுப்பு இவ்விதழின் வாசகருள் பலருக்கு இன்று உண்டு. மாணவராயிருப்போருக்கு நாளை வரும். ஆகவே, இடங்களைப் பேணுதல் குறித்து நம் நாட்டில் எழுதப்பட்டவற்றுள் சிறந்ததெனக் கருதத்தக்க ஓர் ஆவணத்தை இறையியல் நோக்கில் ஆராய்ந்து பார்ப்பது பயனுடையதென எண்ணுகிறோம்.

கலை, பண்பாட்டு மரபுக்கான இந்தியத் தேசிய அறக்கட்டளை, சுருக்கமாக ‘இன்டாக்’, 1984-ஆம் ஆண்டு சனவரியில் புதுதில்லியில் ஒரு சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. இலாப நோக்கற்ற இவ்வமைப்பு, நாடெங்கும் உள்ள உறுப்பினர்களாலும் கிளைகளாலும் இயங்குகிறது. 2004 நவம்பர் 4-ஆம் நாள் அது ஏற்றுக்கொண்ட சாசனமே நம் ஆய்வுக்குரியது. சட்டப் பாதுகாப்பில்லாத கட்டடங்களையும் இடங்களையும் எவ்வாறு பேணுவது என்பது அதன் பொருள். ‘சட்டப் பாதுகாப்பில்லாத’ என்னும் அடைமொழியை வாசகர் கவனிக்க வேண்டும். ஒன்றிய அரசின் தொல்லியல் துறைப் பட்டியலில் இருப்பவை ஏறத்தாழ 3,700 சின்னங்களே. மாநிலத் துறையின் காப்பில் உள்ளவையும் சிலவே. எஞ்சிய சத்திரமும் தெருவீடும் பள்ளிவாசலும் கிராமத்து ஆலயமும் கல்லறைத் தோட்டமும் உரிமையாளரின் மனச்சாட்சிக்கே விடப்பட்டுள்ளன. நமது ஆலயங்களுள் மிகப் பெரும்பாலானவை இவ்வகையின.

சாசனத்தின் சிறப்பு எதில் அடங்கியுள்ளது? 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் உலக நாடுகள் பலவற்றுக்கு வழிகாட்டியாயிற்று. அது மூலப்பொருளுக்கு முதலிடம் தருவது. பழங்கல் பழங்கல்லாகவே நிற்கவேண்டும். புதிதாக வைக்கும் கல் புதிதென்று தெரியவேண்டும். மக்கள் நீங்கிப்போன இடிபாடுகளுக்கு இவ்விதி பொருந்தும். ஆனால், விளக்கேற்றி, மணியடித்து, திருமணமும் அடக்கமும் நடத்திக்கொண்டிருக்கும் ஓர் இடத்திற்கு இது போதாது. இன்டாக் சாசனம் இதனை உணர்ந்து, மரபு உயிரோடிருக்கும் இடங்களில் கல்லோடு கைத்திறனையும் பயன்பாட்டையும் சேர்த்துப் பேணவேண்டும் என்கிறது. ஸ்தபதியும் கொத்தனாரும் தலைமுறை தலைமுறையாகக் கையளித்துவரும் அறிவும் மரபுச் சொத்தே என்பது அதன் துணிபு. கோவில்களைப் புதுப்பிக்கும் ஜீர்ணோத்தாரண மரபுக்கும் அது இடமளிக்கிறது.

திருச்சபையைக் கட்டடமாகவன்றி மக்களாகக் காண்பவர்கள் நாம். அந்நோக்கிற்கு வெனிஸைவிட இச்சாசனமே நெருங்கி நிற்கிறது என்போம். 2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தில் யோவாஸ் அரசன் காலத்தில் ஆலயம் பழுதுபார்க்கப்பட்ட செய்தி வருகிறது. தச்சருக்கும் கொற்றருக்கும் கல்தச்சருக்கும் பணம் கொடுக்கப்பட்டதையும், வேலையை நடத்தியவர்கள் உண்மையாய் நடந்தபடியால் அவர்களிடம் கணக்குக் கேட்கப்படவில்லை என்பதையும் அங்கே வாசிக்கிறோம். ஆசாரியர்கள் பல ஆண்டுகளாகச் செய்யாது விட்ட வேலையைச் செய்துமுடித்தவர்கள் இத்தொழிலாளர்களே என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்தாகும். (ஆசாரியர்களைப் பற்றிய இப்பகுதியை நாம் அதிகம் பிரசங்கிப்பதில்லை.)

நடைமுறையிலோ நிலை வேறு. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழஞ்சுவர் ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கிச் செங்கல்லை அரிக்கும். சில ஆண்டுகளில் பூச்சு உப்பி விழும். சுவர் பலமற்றுப் போயிற்றென்று அறிவிக்கப்படும். அவ்வாறே, மர உத்திரங்களின்மேல் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பிட்டு அமைத்த மெட்ராஸ் டெரஸ் தளத்தில் ஓர் உத்திரம் உளுத்தால் அந்த ஒன்றை மாற்றலாம். நாமோ தளம் முழுவதையும் தள்ளிவிடுகிறோம். நல்லெண்ணத்துடன் பூசிய சிமெண்ட்டே பல ஆலயங்களுக்கு மரண சாசனமாகியிருக்கிறது. இவ்வறிவைச் சபைகளுக்குக் கொண்டுசேர்ப்பதில் இன்டாக் போன்ற அமைப்புகளின் பணி மெச்சத்தக்கது. இங்கிலாந்தில் இத்தகைய முயற்சிகளின் தொடக்கமே போதகர்களின் புதுப்பிப்பு ஆர்வத்துக்கு எதிராகத்தான் நிகழ்ந்தது என்பதையும் நினைவூட்ட வேண்டும். டியூக்ஸ்பரி ஆலயத்தைப் ‘புதுப்பிக்கும்’ திட்டத்தைக் கண்டு கலங்கிய வில்லியம் மாரிஸ், 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். ஆனால், இன்று அந்நாட்டில் வழிபடுவோர் இன்றி வெறுமையான ஆலயங்களைக் காக்கவே தனி அறக்கட்டளை வேண்டியிருக்கிறது. நமக்குள்ள இடர்ப்பாடு வெறுமையன்று, நெருக்கம்.

அந்நெருக்கத்தைக் காண ஓசூருக்குச் செல்லலாம். சாசனம் வெளிவந்த அதே 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது கிருஷ்ணகிரி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லைப்புறம் அது. சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் ஓசூரின் முகமே மாறிற்று. 2019-இல் அது மாநகராட்சியுமாயிற்று. ஆலைகளை நாடித் தென் மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களால் ஆராதனைகள் நிரம்பி வழிகின்றன. வந்தவர்களுக்கு அவ்வூர்ப் பழைய கட்டடத்தோடு நினைவுத் தொடர்பில்லை. அவர்களுடைய நினைவு பாளையங்கோட்டையிலோ நாகர்கோவிலிலோ இருக்கிறது. முன்பே அவ்வூரிலிருந்த ஏழைக் குடும்பங்களுக்கு நினைவு உண்டு, ஆனால் குழுவில் குரலில்லை. ‘சமூகத்தின் விருப்பப்படி’ பேணவேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எந்தச் சமூகம் என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

மாவட்டத்தின் ஏனைய மரபுச் செல்வங்களைப் பார்த்தாலும் இக்கேள்வியே எழுகிறது. இராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மலைக்கோட்டைகள் ஒன்றியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளன. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022-ஆம் ஆண்டு தமிழக அரசு அறிவித்தபின் அவ்வூர்ப் பெயர் நாடறிந்ததாயிற்று. சேலம் கலெக்டராயிருந்த பிரெட் என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் ஓசூரில் இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையின் சாயலில் எழுப்பிய மாளிகையோ பேணுவாரின்றிச் சிதைந்தது. அதற்காக நாம் அதிகம் வருந்தவில்லை. மல்லச்சந்திரத்துப் பாறைமேல் நிற்கும் கற்திட்டைகளுக்காகவும், ஆநிரை மீட்டு மாண்டவர்களுக்காக வயல்வெளிகளில் நட்ட நடுகற்களுக்காகவும் வருந்தவேண்டியிருக்கிறது. கருங்கல் குவாரிகள் பெருகிய மாவட்டத்தில் கல்லுக்கு விலையுண்டு. கல்லில் உள்ள எழுத்துக்கு இல்லை.

நடுகல் பற்றி நம்மவர்க்கு வேறொரு மயக்கமும் உண்டு. ஒரு குடும்பம் திருமுழுக்குப் பெற்றபின், அதன் நிலத்தில் நிற்கும் நடுகல்லை என்செய்வது என்று போதகரிடம் கேட்பார்கள். விக்கிரகம் என்று சொல்லி அகற்றச் செய்வது எளிது. ஆனால், அக்கல் முதலில் தெய்வமாக நடப்படவில்லை. ஊருக்காக உயிர் கொடுத்தவனுக்குச் சாட்சியாகவே நடப்பட்டது. பின்வந்த வழிபாட்டை விடுத்து முன்னிருந்த சாட்சியைக் காப்பது இயலும். யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களைப் பிள்ளைகள் காரணம் கேட்கும்படி நாட்டிய மக்களின் வேதத்தை வாசிக்கும் நமக்கு இது விளங்காத செய்தியன்று.

இனி, சாசனத்தின்மேல் நமக்குள்ள தலையாய குறையைக் கூறுவோம். பழமையின் அழகையும் கைத்திறனின் மேன்மையையும் தொடர்ச்சியின் நலத்தையும் அது மிக நன்றாக எடுத்துரைக்கிறது. பழமைக்குள் பாவமும் உண்டு என்பதற்கு அதன் சொல்வளத்தில் போதிய இடமில்லை. எல்லா மரபும் காக்கத்தக்கதோ? மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தை எசேக்கியா உடைத்துப்போட்டதை 2 இராஜாக்கள் 18:4 கூறுகிறது. அதனினும் மெய்யான, அதனினும் தொன்மையான பொருள் எருசலேமில் வேறெது இருந்திருக்கக்கூடும்? மூலப்பொருளின் உண்மைத்தன்மையை அளவுகோலாகக் கொண்டால் எசேக்கியா குற்றவாளியே. வேதம் அவனைப் புகழ்கிறது.

இது ஏட்டளவிலான கேள்வியன்று. திருநெல்வேலிப் பகுதியிலுள்ள கத்தோலிக்கரின் ஊராகிய வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம், சாதிகள் ஒன்றையொன்று காணாதபடி இரு கூடங்களாகப் பிரிந்து, பீடத்தருகே மட்டும் கூடும் அமைப்புடையது. கட்டடக் கலை நோக்கில் அது ஓர் அரிய வடிவமே. 1910-ஆம் ஆண்டு அந்த நடுச்சுவர் இடிக்கப்பட்டது. நமது சபைகள் இதில் மேலானவை என்று எவரும் எண்ணவேண்டாம். சாதி வேறுபாட்டை விலக்கவேண்டுமென்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் கட்டளையிடவேண்டியிருந்தது. அதனால் தஞ்சையிலும் சென்னையிலும் புராட்டஸ்டண்டு சபைகள் பிளவுண்டன. எபேசியர் 2:14 சொல்லும் நடுச்சுவர் செங்கல்லாலும் கட்டப்படுவதுண்டு. அத்தகைய சுவர் ஒன்று இன்று நின்றால் அதைக் காக்கவேண்டுமா, தகர்க்கவேண்டுமா? இக்கேள்விக்குச் சாசனத்தில் நேரான விடை நமக்குக் கிடைக்கவில்லை. நம்மைக் கேட்டால், சுவர் வீழத்தான் வேண்டும் என்போம். ஆனால், அது நின்ற இடத்தின் தடம் தரையில் தெரியவேண்டும். தனிக் கல்லறைத் தோட்டம் இருந்ததென்றால் இருந்ததென்று எழுதிவைக்கவேண்டும். முழுவதையும் இடித்துப் பளிங்கு பதிக்கும் சபை தன் பாவத்தின் சாட்சியையும் சேர்த்தே அப்புறப்படுத்துகிறது. இதனால்தான், இடிப்பதற்கு மனந்திரும்புதலைக் காரணமாகக் காட்டுவோரை நாம் எளிதில் நம்புவதில்லை.

இரண்டாவது குறை அறக்கட்டளையினுடையதன்று; சட்டத்தினுடையது. அதற்கு ஆலோசனை கூறவும், பட்டியலிடவும், வழக்காடவும் முடியும், கட்டளையிட முடியாது. சென்னை அண்ணா சாலையில் உள்ள பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது இன்டாக் உயர்நீதிமன்றம் சென்றது. 2010-இல் வந்த தீர்ப்பு இடிப்பைத் தடுத்தது. எனினும், இடிப்பைத் தடுத்த தீர்ப்பால் உரிமையாளரைச் செப்பனிடச் செய்ய இயலவில்லை. கட்டடம் நெடுங்காலம் சிதைந்த நிலையிலேயே நின்றது. மனமில்லாத உரிமையாளரிடம் சட்டம் பெறக்கூடியது இவ்வளவே. தரங்கம்பாடி மறுபக்கத்தைக் காட்டுகிறது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் இன்டாக்கின் புதுச்சேரிக் கிளை டேனிஷ் உதவியுடன் அங்குள்ள பழைய தெருவீடுகளைச் செப்பனிட்டது. அங்கு பேணப்பட்டவற்றுள் சாதாரண மக்களின் திண்ணை வீடுகளும் உண்டு என்பதே நமக்கு உவப்பான செய்தி. சீகன்பால்கு 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் அவ்வூரில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அவர் வாழ்ந்த வீடும் 2017-இல் அருங்காட்சியகமாயிற்று. ஹாலேயும் கோபன்ஹேகனும் நினைவு வைத்திருந்ததால் தரங்கம்பாடி பிழைத்தது எனலாம்.

கிருஷ்ணகிரிக்கு அத்தகைய புரவலர் இலர். ஆயினும், அமெரிக்க மிசௌரி லுத்தரன் சபையின் முதல் அயல்நாட்டு அருட்பணி தொடங்கிய இடம் அதுவே என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? லைப்சிக் மிஷனோடு கோட்பாட்டு வேறுபாடு கொண்டு பிரிந்த தியோடர் நேத்தர், 1895-இல் அங்கே பணியைத் தொடங்கினார். 1904-இல் கொள்ளைநோய்க்கு இரையாகி அங்கேயே மரித்தார். அவ்வருட்பணியே வளர்ந்து 1958-இல் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாயிற்று. நேத்தரின் பெயரைக் காப்பது ஒப்பீட்டளவில் எளிது. அவர் சபையின் வரலாற்று நூல்களில் இருக்கிறார். அவரிடம் முதன்முதல் வாசிக்கக் கற்ற சிறுவரும், அந்நோய்க்காலத்தில் ஊரைவிட்டுப் போக வழியின்றி இருந்தவர்களும் அந்நூல்களில் பெயரோடு இடம்பெறுவது அரிது.

அவர்களைப் போன்றோரின் பெயர்கள் நம் பழைய சபைகளின் திருமுழுக்குப் பதிவேடுகளிலும் அடக்கப் பதிவேடுகளிலும்தான் உள்ளன. தந்தை பெயர், ஊர், தொழில் என்று அன்றைய உபதேசியார் தம் கையால் எழுதிய வரிகள் அவை. ஆலயத்தை இடிக்கும்போது முதலில் தொலைவதும் இப்பதிவேடுகளே. வேலை முடியும்வரை யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் வைக்கப்பட்டுக் கரையானுக்கு உணவாகும். இன்டாக் சாசனம் கட்டடங்களுக்கானது, ஏடுகளுக்கானதன்று; ஆகவே, இப்பொறுப்பை அதன்மேல் சுமத்த நமக்கு உரிமையில்லை. எந்தக் கட்டடக் குழுவும் ஒப்பந்தக்காரரை அழைக்குமுன் செய்யத்தக்கவை சில உண்டு: சுண்ணாம்பு வேலை அறிந்த ஒருவரைக் கொண்டு சுவரைச் சோதிப்பது, உள்ளும் புறமும் அளந்து படமெடுப்பது, கல்லறை எழுத்துக்களைப் படியெடுப்பது, பழைய குடும்பங்களின் முதியோரை அழைத்து எந்த மூலையில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்டு எழுதுவது. பதிவேடுகளை வைக்கப் பாதுகாப்பான இடமில்லையென்றால், பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தாருக்கு எழுதிக் கேட்கலாம். ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டரே. நாள் முழுதும் பேருந்து உண்டு.