முதுச வீடுகளில் விடுதிகள்

யுத்தம் ஓய்ந்து, கண்டி வீதி திறக்கப்பட்டு, 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை வந்தடைந்ததன் பின்னர், நெடுங்காலம் பூட்டிக்கிடந்த பழைய கல்வீடுகளுட் சில சுண்ணாம்பு தீற்றப்பெற்று, கதவு நிலைகள் துலக்கப்பெற்று, சில அறைகளை மாத்திரம் வாடகைக்கு விடும் ‘பூட்டிக் ஹோட்டல்’களாக, அதாவது மாளிகை விடுதிகளாக, உருமாறத் தொடங்கின. சுன்னாகத்துப் பக்கத்து மார்கோசாவும், ஜெட்விங் நிறுவனத்தார் யாழ்ப்பாணத்தில் நடத்தும் மகேச பவனும் இவ்வகையிற் பலரும் அறிந்தவை. இவற்றை வரவேற்போர் பழைமை பிழைத்தது என்கின்றனர். வெறுப்போர் பழைமை விலைபோயிற்று என்கின்றனர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், இவ்வழக்கத்தின் குணதோஷங்களை நிறுக்கப் புகுவோர், அந்த வீடு அந்த ஊருக்கு முன்னர் என்னவாக இருந்தது, இனி என்னவாக இருக்கப்போகிறது என்பதனையே அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும் என்பது என் துணிபு. அனலைதீவிற் பிறந்தவன் ஒருவனுக்கு வேறோர் அளவுகோல் வாய்ப்பது அரிது. தீவுப்பகுதியில் வீடுகள் எவ்வாறு சாகின்றன என்பதை நாங்கள் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

தீவாரின் பெரிய வீடுகள் குறுநில மன்னரின் அரண்மனைகள் அல்ல. தோட்டங்களில் விளைந்த புகையிலையும், கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் தீவார் இரவு பகலாக நடத்திய கடைகளும் அவ்வீடுகளுக்குக் கல்லும் மரமும் ஆயின. குடாநாட்டில் மலாயாவில் உத்தியோகம் பார்த்தோரின் பென்சன் செய்த காரியத்தைத் தீவுகளிற் கடைக்காசு செய்தது. 1990ஆம் ஆண்டில் யுத்தம் தீவுகளுக்குள் புகுந்தபின், சனங்கள் அள்ளுண்டு போயினர். போனவர்களிற் பலர் திரும்பவில்லை. ஆளில்லாத வீட்டில் முதலிற் போவது ஓடு. ஒரு மாரியில் நாலு ஓடு நகர்ந்தால், அடுத்த மாரியிற் பனஞ்சலாகை இற்று, அதன்பின் வளை முறிந்து, மழை உள்ளே இறங்கிச் சுவரின் சாந்தைக் கரைத்து, பறவை எச்சத்தில் முளைத்த ஆல் தன் வேரை நிலைக்கதவினூடு செலுத்திவிடும். புங்குடுதீவிலும் வேலணையிலும் இக்காட்சியை இன்றும் வீதியில் நின்றபடியே காணலாம். மழையும் வேரும் விட்டுவைத்த கதவையும் யன்னலையும் மனிதர் கழற்றிக்கொண்டு போயினர்.

வீடு சாவதற்கு யுத்தம் மாத்திரம் காரணம் அன்று. உறுதிப் பத்திரமும் ஒரு காரணம். ஒல்லாந்தர் ஆட்சியில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்பாரால் தொகுக்கப்பெற்ற எங்கள் வழக்காற்றுச் சட்டமாகிய தேசவழமை ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. வீடு பெரும்பாலும் சீதனமாகப் பெண்மக்களைச் சென்றடைவதே எங்கள் வழக்கு. ஒரு தலைமுறையில் ஒருத்திக்கு உரியதாக இருந்த வீடு, அவள் மக்களுக்கும் மக்களின் மக்களுக்கும் இறங்கும்போது, ரொறன்ரோவில் ஒருவர், பாரிஸில் ஒருவர், கொழும்பில் ஒருவர், மரணச் சான்றிதழே எடுக்கப்படாமல் இறந்துபோனவர் ஒருவர் என்று பங்குகளாகச் சிதறிவிடுகிறது. பங்காளி ஒருவர் தம் பங்கை விற்க முனைந்தால் ஏனைய பங்காளிகளுக்கே அதனை முதலில் வாங்கும் உரிமை உண்டு என்னும் விதி, குடும்ப ஆதனம் அந்நியர் கைக்குச் செல்லாமற் காத்த அருமையான விதியேயாயினும், பங்காளிகள் கண்டந்தோறும் பிரிந்து வாழும் இக்காலத்தில், விற்கவும் இயலாமல் திருத்தவும் இயலாமல் வீட்டை நடுத்தெருவில் நிறுத்திவிடுகிறது. ஓடு மாற்றும் செலவை யார் கொடுப்பது என்று முடிவாகுமுன் கூரை விழுந்துவிடும். இந்நிலையில், நீண்ட குத்தகை கேட்டு ஒரு விடுதிக்காரர் வந்து நின்றால், முப்பது வருஷங்களாக ஒருவரோடொருவர் கதையாத பங்காளிகள் அனைவரையும் ஒரே கடதாசியிற் கையொப்பமிட வைக்கும் முதற் காரணமாக அவரே அமைகின்றார். மாளிகை விடுதியால் விளையும் நன்மைகளுள் இதனையே தலையாயதாக நான் எண்ணுகிறேன்.

இந்நன்மைக்குச் சான்று கடல் கடந்தும் உண்டு. மலேசியாவின் பினாங்கில், சியோங் பாட் சே என்னும் சீன வணிகர் கட்டிய நீல மாளிகை, அவருடைய கடைசி மகன் இறந்தபின், 1989இல், பழைய கட்டடங்களைக் காக்க விரும்பிய சிலரால் வாங்கப்பெற்றுப் பழைய முறைப்படியே திருத்தப்பட்டு விடுதியாயிற்று. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமைப் பரிசும் அதற்குக் கிடைத்தது. செட்டிநாட்டின் கதை இன்னும் எங்களுக்குக் கிட்டியது. அங்கும் ஒரு வீடு பல புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, உரியது. அங்கும் வழித்தோன்றல்கள் ஊரை விட்டுப் போயினர். அங்கும் தேக்குத் தூண்களும் கதவுகளும் ஒவ்வொன்றாகப் பெயர்க்கப்பட்டுக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. கானாடுகாத்தானில் ஒரு தந்தை தம் மகளுக்கென்று கட்டிய விசாலம் என்னும் வீடு, சி.ஜி.எச். எர்த் நிறுவனத்தின் விடுதியானமையால், அந்தக் கடைத்தெருவுக்குப் போகாமல் நின்றது. நின்ற வீடு ஒன்று, விழுந்த வீடுகளைப் பற்றிய நூறு கட்டுரைகளிலும் பெரிது என்பதனை யாரும் மறுக்கமாட்டார்.

ஆனால், நிற்பது எந்த வீடு என்ற கேள்வி உடனே எழுகின்றது. யாழ்ப்பாண நகரில் நான் தங்கிய விடுதி ஒன்றிற் பெயர்பெற்ற பழைய நாற்சார் வீட்டை மிகுந்த பொருட்செலவிற் புதுக்கியிருந்தனர். நாற்புறத் தாழ்வாரத்து ஓடுகளும் உட்சரிந்து, மாரிமழை பீலி வழியே முற்றத்து மூலையிலுள்ள கிடாரத்தில் விழுந்து நிரம்பும்படி அமைந்ததே நாற்சார் வீடு. அந்தத் தண்ணீரிற் பருப்பு விரைவில் அவியும் என்று அதனைத் தனியே எடுத்து வைப்பர். முற்றத்தால் வெயிலும் காற்றும் இறங்கி, வீட்டின் உள்ளறைகள் சித்திரை வெயிலிலும் தணிந்திருக்கும். நான் கண்ட விடுதியிலோ அம்முற்றத்தின் மேற் கண்ணாடி போட்டு மூடி, பீலியை அறுத்து, அறைதோறும் குளிரூட்டி பொருத்தியிருந்தனர். காற்று வருவதற்கென்றே கட்டப்பட்ட வீடு காற்றுப் புகாத வீடாயிற்று. சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடங்களிற் சீமேந்து பூசியிருந்தமையால், சுவரினுள்ளே அகப்பட்ட ஈரமும் உப்பும் வெளியேற வழியின்றி, புதுப்பூச்சைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிக்கொண்டிருந்தன. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி விடுபவை; அவற்றின் மேற் சீமேந்து பூசுவோர், திருத்துவதாக எண்ணியே வீட்டைக் கெடுக்கின்றனர்.

வரவேற்பிடத்தில் ஒரு பெட்டகம் இருந்தது. பித்தளைப் பட்டையும் கொண்டியும் பூட்டிய, ஆள் நீளமான பெட்டகம். அனலைதீவில் எங்கள் அப்பாச்சி வீட்டிலும் அத்தகைய ஒன்று இருந்தது. விதைநெல்லும், காணி உறுதிகளும், மடித்து வேப்பிலை வைத்த கூறைச்சேலையும் அதனுள்ளே கிடக்க, மேற்பலகையிற் பாய் விரித்து அப்பு இரவிற் படுத்திருப்பார். அடுத்த வருஷத்து வயலும், பெண்பிள்ளையின் சீதனமும் அதற்குள் இருந்தமையாலேயே வீட்டுக்கு மூத்தவர் அதன்மேற் படுத்தார். விடுதியின் பெட்டகத்தின் மேல் ஒரு கணினியும் அறைச் சாவிகளும் இருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. சாமி அறையிற் பயணப்பொதிகள் அடுக்கப்பட்டிருந்தன. குசினி இருந்த இடம் இடிக்கப்பட்டு நீச்சற்குளமாகியிருந்தது. விருந்தினர் கண்ணிற்படும் முகப்பும் விறாந்தையும் மிகுந்த கவனத்தோடு காக்கப்பட, ஒரு குடும்பம் உண்டு, உழைத்து, பிள்ளை பெற்று, செத்தவீடு நடத்திய பாகம் முழுவதும் பயனற்றதெனக் கழிக்கப்பட்டது. இவ்வழக்கத்தின் பெருங்குறை என நான் கருதுவது இதுவே. பழைய வீட்டிற் கற்றுக்கொள்ளத்தக்க அறிவெல்லாம் கிணற்றடியிலும் அடுப்படியிலும் கூரையிலும் இருந்தது. தூணில் இருந்தது அலங்காரம்.

கழிக்கப்பட்டவற்றுள் மனிதரும் உளர். விடுதிகளின் சுவர்களில் வீட்டுக்காரரின் தலைப்பாகைப் படமும், அவர் வாங்கிய பட்டத்தின் விவரமும் காணப்படும். அந்தக் கல்லை அரிந்தவர், சுண்ணாம்பைக் குழைத்தவர், துலா மிதித்துத் தண்ணீர் இறைத்தவர், புகையிலைத் தோட்டத்தில் முதுகொடிந்தவர் எவரின் பெயரும் காணப்படாது. அவர்களிற் பலர் தாம் கட்டிய வீட்டின் படியேற அனுமதிக்கப்படாமல், வளவின் கோடியில் நின்று, வேறாக வைத்த பாத்திரத்திலோ சிரட்டையிலோ தண்ணீர் வாங்கிக் குடித்தவர்கள். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில், தாழ்த்தப்பட்டோர் உள்ளே செல்லும் உரிமைக்காகப் போராட்டம் நடந்த நாடு இது. அந்தக் கோயிலுக்குப் புறத்தேயிருந்த வீடுகளின் வாசல்கள் மாத்திரம் திறந்திருந்தன என்று எவரும் எண்ணற்க. பணம் கொடுத்த எவரும் படுத்துறங்கலாம் என்ற வகையில் விடுதி அந்தப் பழைய வாசலைத் திறந்துவிட்டது. இதனை அதன் கணக்கில் வரவாகவே எழுத வேண்டும். ஆனால், வாசல் மூடியிருந்தது என்ற செய்தியையே மறைத்துவிட்டு, ‘பழைய யாழ்ப்பாணத்தின் விருந்தோம்பல்’ என்று எழுதி வைப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம்.

எங்கள் கண்ணெதிரே, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலில் நிற்கும் ஹமென்ஹீல் கோட்டை வரவும் செலவும் கலந்த இக்கணக்குக்கு மற்றோர் உதாரணம். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய அக்கோட்டை, பிற்காலத்திற் சிறையாகவும் இருந்து, இன்று கடற்படையினர் நடத்தும் விடுதியாக இருக்கிறது. அது இடியாமல் நிற்பதற்கு அவர்களின் பராமரிப்பும் காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும், பொதுமக்களின் மரபுரிமையாகிய கோட்டையை ஒரு படையின் விருந்தினராகச் சென்றே காண வேண்டியிருப்பது, இத்தீவுகளிற் பிறந்தவர்க்கு உறுத்துகிறது. சிறையறையில் ஓர் இரவு தங்குவதை விநோதமாக விற்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை.

காலிக் கோட்டையில் இவ்வழக்கம் எதுவரை செல்லும் என்பதைக் காணலாம். 1988இல் உலக மரபுரிமைத் தலமாகிய அந்நகரில், நெடுங்காலம் நியூ ஓரியண்டல் ஹோட்டலாக இருந்த ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம் இன்று அமங்கல்லா என்னும் பெருவிலை விடுதியாக இருக்கிறது. அதனைச் சுற்றிய பல வீடுகளும் அந்நியர்க்கு விற்கப்பட்டு, அயலவர் குறைந்தனர். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைப் பெரும்பாலும் தடுத்துவிட்டமையால், அதே வடிவில் அது யாழ்ப்பாணத்துக்கு வராது. குத்தகை என்னும் வடிவில் வரக்கூடும்.

தீவுக்கு வரும்போது கணக்கு இன்னும் கடுமையாகிறது. ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து படகேறி அனலைதீவுக்கு வருவோர் முதலிற் கேட்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. இங்கே மாரிமழை சுண்ணக்கல்லில் ஊறி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கிறது. துலாவால் இறைத்த காலத்தில், இறைப்பவரின் உடற்சோர்வே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரத்தால் ஓயாமல் இறைத்தால், நன்னீர் போய் உவர் மேலெழும். ஒருமுறை உவர்த்த கிணறு பல மாரி கண்டும் திருந்தாமற் போகலாம். நீச்சற்குளமும், அறைதோறும் பொழிகுழாயும், தினந்தோறும் தோய்க்கும் விரிப்புகளும் கொண்ட விடுதி ஒன்று, அயலிலுள்ள தோட்டக் கிணறுகளின் நீரையே தன் விருந்தினருக்கு விற்கிறது. மின்சாரமும் அவ்வாறே. அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய மூன்று தீவுகளுக்குமான சூரிய ஒளி, காற்றுக் கலப்பு மின்திட்டம் 2021இற் சீன நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டு, இந்தியாவின் ஆட்சேபத்தால் நின்று, 2024இல் இந்திய நன்கொடையோடு மீண்டும் ஒப்பந்தமாயிற்று. இத்துணை இழுபறிக்குப் பின் கிடைக்கும் மின்சாரம் முதலிற் பள்ளிக்கூடத்துக்கும் வைத்தியசாலைக்கும் மீன் பழுதாகாமற் காக்கும் குளிர்களஞ்சியத்துக்கும் உரியது. குளிரூட்டிய அறைகளுக்கு உரியது அன்று.

இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்த்தபின்னும், மாளிகை விடுதி வேண்டாம் என்று சொல்ல என் மனம் துணியவில்லை. கூரை விழுந்த வீட்டின் முற்றத்தில் நின்று அவ்வாறு சொல்லுதல் எளிதன்று. விற்பனை கூடாது, குத்தகை ஆகலாம். முற்றத்தை மூடுதல் கூடாது. சீமேந்தின் இடத்திற் சுண்ணாம்பு, நீச்சற்குளத்தின் இடத்தில் மழைநீர்த் தொட்டி. சமையல் ஊர்ப் பெண்களின் கையில், அவர்களின் பெயரோடும் தக்க சம்பளத்தோடும் இருக்க வேண்டும். இவ்விதிகளுக்கு உடன்படாத விடுதியை விட, ஓடு மாற்றிப் பூட்டி வைத்த வீடே எனக்கு மேல்.

கடல் கடந்து வாழும் பங்காளிகளுக்கு ஒரு விண்ணப்பம். குத்தகைக் கடதாசியிற் கையொப்பமிடுமுன், வீட்டை அறை அறையாக அளந்து வரையச் செய்யுங்கள். கூரையையும், குசினியையும், கிணற்றடியையும், சாமி அறையையும் படமெடுங்கள். அந்த வீட்டிற் பிறந்த மூத்தவர்களையும், அதனைக் கட்டி உழைத்தோரின் பிள்ளைகளையும் கதைக்க விட்டுப் பதிவுசெய்யுங்கள். அவற்றின் பிரதிகளை, ஆவணங்களைச் சேர்த்துக் காக்கும் நூலக நிறுவனத்துக்கோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ ஒப்படையுங்கள். மழைக்காலம் தொடங்குமுன், விழுந்த ஓடுகளை மாற்றுவதற்கு உரிய காசையும் சேர்த்து அனுப்புங்கள்.