பாண்டவர் குழியில் படுத்தவர் யார்?

கொங்குச் சீமையின் மேட்டு நிலங்களிலே வட்டமாகக் கற்கள் கிடக்கும் இடத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "பாண்டவர் குழி" என்று பட்டென விடை வரும். வனவாசத்தின்போது பாண்டவர் தங்கிய இடமாம்! பாண்டவர் ஐவர்தாமே? கொடுமணல் ஒன்றிலேயே நூற்றுக்கணக்கான குழிகள் உள்ளனவே! நாளொரு குழியாக மாறிக்கொண்டே இருந்தனரோ?

"மாண்டவர் குழி" என்பதே "பாண்டவர் குழி" எனத் திரிந்தது என்று விளக்குவோரும் உளர். கேட்க இனிமைதான். எனினும், ஓசை ஒத்திருப்பது மட்டும் சான்றாகிவிடாது. புராணிகரிடம் கேட்கும் ஆதாரத்தை நம்மவரிடமும் கேட்கத்தானே வேண்டும்!

கோவை மாவட்டத்துப் பெருங்கற்சின்னங்களைப் பற்றி வால்ஹவுஸ் என்னும் ஆங்கிலேயர் 1875-லேயே எழுதினார். ஏட்டிலே ஏறிய உண்மை ஊருக்குள் இறங்கவில்லை. நொய்யலின் வடகரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில், 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்தது. பின்னர்ப் பிறரும் தொடர்ந்தனர். கல்வட்டத்தின் நடுவே கற்பலகைகளை நிறுத்திக் கட்டிய கல்லறை; பலகையில் வட்டமாக வெட்டிய இடுதுளை; உள்ளே எலும்பு, மட்கலம், இரும்புக் கருவி. அருகே, அவர்கள் வாழ்ந்த ஊர். அங்கே இரும்பு உருக்கிய உலைகள், மணி செய்த பட்டறைகள், தமிழி எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடுகள். பதிற்றுப்பத்து குறிக்கும் கொடுமணம் இதுவே என்பர் ஆய்வாளர்.

இதைக் கண்டு தோள் தட்டுகின்றனர் தோழர்கள். தட்டட்டும், மகிழ்ச்சியே! ஆனால், "ஏற்றத்தாழ்வு அறியாச் சமுதாயம், கலப்பறியா நாகரிகம், சடங்கறியா அறிவுலகம்" என்று மேடையிலே முழங்கும்போதுதான் நெஞ்சு நெருடுகிறது. ஒரு கல்லறையில் 2,000-க்கு மேற்பட்ட சூதுபவள மணிகள்; வேறு சிலவற்றிலோ வெறும் மட்கலங்கள். சாவிலும் சமத்துவம் இல்லை என்பதைத்தானே இது காட்டுகிறது? பட்டறையில் குனிந்து துளையிட்டவன் கழுத்தில் அந்த மணி ஏறியிருக்குமா? பானை ஓடுகளிலே தமிழ்ப் பெயர்களோடு பிராகிருதப் பெயர்களும் கலந்துள்ளன. வணிகம் நடந்த ஊரில் வேற்று மொழியார் வந்து போவது இயல்பன்றோ! மாண்டவனுக்குக் கலமும் கருவியும் வைத்து அனுப்பியது சடங்கன்றி வேறென்ன? நம் முன்னோர் என்பதற்காக அதைப் பகுத்தறிவு என்று பெயர் மாற்றுவதா?

இந்தச் சான்றுகளெல்லாம் கல்லும் மண்ணும் கலையாமல் இருந்ததால் கிடைத்தவை. பாண்டவர் கதையை நம்புபவர் பயந்தாவது ஒதுங்கிப் போகிறார். நம்பாதவரோ, புதையல் தேடிக் கடப்பாரை எடுக்கிறார்; அல்லது வட்டக் கல்லைப் பெயர்த்து வரப்புக்கு அடுக்குகிறார்.