கிலோவாட்டுக்கா, யூனிட்டுக்கா?

சூரிய மின்சாரம் உலகில் வேகமாகப் பரவியதற்கு அரசுக் கொள்கைகள் பெருங்காரணம். ஆனால், எல்லாக் கொள்கைகளும் ஒரே தன்மையுடையன அல்ல என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

ஜெர்மனி 2000-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. சூரியப் பலகை தரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 99 பென்னிக் விலை, 20 ஆண்டுகளுக்கு உறுதி! அவ்வாண்டில் 100 மெகாவாட் அளவில் இருந்த நிறுவு திறன் 2012-இல் 30,000 மெகாவாட்டைத் தாண்டியது. செலவு மின் நுகர்வோர் தலையில் விழுந்தது உண்மையே. எனினும், விளைந்த மின்சாரத்துக்கு மட்டுமே பணம் கிடைத்தது.

நம் நாட்டில் 2024-இல் தொடங்கிய 'சூர்ய கர்' திட்டம், வீட்டுக் கூரையில் பலகை அமைக்க 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. நடுத்தரக் குடும்பத்துக்கு இது பேருதவி. ஆனால், கிலோவாட் என்பது திறன். யூனிட் என்பதே ஆற்றல். 1 கிலோவாட் பலகை நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். தூசு படிந்தாலும் மரநிழல் விழுந்தாலும் அது குறையும்; கொடுத்த மானியமோ குறையாது. மின்கட்டணம் மிச்சமாவது ஒரு தூண்டுதல்தான். குறைவாக மின்சாரம் செலவிடும் வீட்டில் அது போதுமா?

எனவே, இத்தனை மெகாவாட் நிறுவினோம் என்ற அறிவிப்பைப் படிக்கும்போது, எத்தனை யூனிட் கிடைத்தது என்றும் கேளுங்கள்.