பழுதுபார்க்கும் கமிட்டி

இ. எம். பார்ஸ்டர் என்றதும் நம் வாசகர்களுக்கு இந்தியாவைப் பற்றி அவர் எழுதிய நாவல்தான் ஞாபகத்துக்கு வரும். அதற்குப் பதினைந்து வருஷங்கள் முந்தி, 1909-ல், 'தி மிஷின் ஸ்டாப்ஸ்' என்று ஒரு நீண்ட சிறுகதையை அவர் எழுதினார். எச். ஜி. வெல்ஸ் கட்டிக் காட்டிய வருங்காலச் சொர்க்கங்களில் ஒன்றுக்கு எதிர்ப்பாக எழுதியது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். இன்று இதைப் படிக்கிறவர்கள், கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் காலத்தை அன்றே கண்டுவிட்டாரே என்று வியக்கிறார்கள். ஜோசியம் பலித்தது என்பதற்காக ஒரு கதையைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. கதையின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது.

மனிதர்கள் பூமிக்கடியில், தேனடைக் கண்களைப் போன்ற அறைகளில் ஆளுக்கொருவராக வாழ்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் சாப்பாடு, படுக்கை, சங்கீதம் எல்லாம் வரும். வாஷ்டி என்ற தாய் பூகோளத்தின் ஒரு பாதியில். மகன் குனோ மறு பாதியில். கையிலுள்ள தட்டில் அவன் முகம் தெரிகிறது. நேரில் வா என்று கூப்பிடுகிறான். அவளுக்கு அது வீண் தொந்தரவாகப் படுகிறது. (இந்தத் தட்டைப் பற்றி ஆசிரியருக்கு ஒரே இளக்காரம். பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு, ராத்திரிதோறும் அவன் முகத்தை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள் அவரோடு சண்டைக்கு வருவார்கள்.)

பிற்பகுதியில்தான் கதை உயிர் பெறுகிறது. வாஷ்டி கேட்கும் சங்கீதத்தின் உச்சத்தில் பெருமூச்சு மாதிரி ஒரு கோளாறு. பழுதுபார்க்கும் கமிட்டிக்குப் புகார் செய்கிறாள். சீக்கிரம் கவனிக்கப்படும் என்று பதில் வருகிறது. கோளாறு மட்டும் போகவில்லை. சில நாளில் அந்தப் பெருமூச்சும் சங்கீதத்தைச் சேர்ந்ததுதான் என்று அவள் காது ஒப்புக்கொண்டுவிடுகிறது. குளிக்கிற தண்ணீர் நாறுகிறது; அதுவும் பழகிப்போகிறது. கடைசியில் கமிட்டி நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கி எடுத்து ஒரு செய்தியைத் தெரிவிக்கிறது: பழுதுபார்க்கும் யந்திரமே பழுதாகிவிட்டதாம்!

சிரிக்கலாம். ஆனால் 2021 அக்டோபர் 4-ந் தேதி நடந்தது இதுதான். பேஸ்புக் கம்பெனியில் வழக்கமான பராமரிப்பு வேலையின்போது இட்ட ஒரு கட்டளை, அதன் தகவல் நிலையங்களைப் பிணைத்திருந்த இணைப்புகள் அத்தனையையும் துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய காவல் ஏற்பாட்டிலேயே ஒரு பிழை. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் மறைந்தன. தூரத்திலிருந்தே கோளாறைச் சரிசெய்ய வைத்திருந்த கருவிகளும் அதே வலையில் தொங்கிக்கொண்டிருந்தவைதாம். என்ஜினீயர்களை நேரில் அனுப்பினார்கள். அந்நியர் நுழையாதபடி கட்டிய கட்டடங்கள் சொந்த மனிதர்களையும் லேசில் உள்ளே விடவில்லை. உள்ளே போய், எல்லாவற்றையும் ஒரேயடியாக முடுக்கினால் பாரம் தாங்காமல் மறுபடி விழும் என்று அஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பினார்கள்.

பார்ஸ்டரிடம் என் குறை இங்கேதான். அந்த என்ஜினீயர்களைப் போன்ற ஒருவன்கூட அவர் கதையில் இல்லை. யந்திரத்தை முழுதாக அறிந்தவர்கள் செத்துப்போனார்கள், மிச்சமிருப்பவர்களுக்குத் தங்கள் தங்கள் பகுதி மட்டுமே தெரியும் என்று ஆசிரியர் தம் வாயாலேயே சொல்லி முடித்துவிடுகிறார். கமிட்டிக்கு முகமே இல்லை. புகார்க் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கும் ஒரு குமாஸ்தாவையாவது காட்டியிருக்கலாம். யந்திரம் சாக வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே அவர் தீர்மானித்துவிட்டபடியால், அதைக் காப்பாற்ற முயலும் மனிதன் அவருக்குத் தேவைப்படவில்லை. குனோவின் கடைசிப் பேச்சுகளில் பிரசங்க வாடை அடிப்பதற்கும் இதுவே காரணம்.

இருந்தும், யந்திரம் நிற்கும் அந்த நாளை எழுதிய கை பெரிய கை. பிறந்தது முதல் அதன் ரீங்காரத்தை வாஷ்டி கேட்டபடியே இருந்தாள். கேட்கிறோம் என்றே அவளுக்குத் தெரியாது. அது ஓய்கிறது. பிறகு வரும் நிசப்தம் தாங்காமலே ஆயிரக்கணக்கானவர்கள் இருந்த இடத்தில் செத்து விழுகிறார்கள்.