குழு வளர்ச்சிப் படிநிலைக் கோட்பாடும் தமிழ் விக்கிப்பீடியாச் சமூகமும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

உருவாதல், மோதல், நெறிப்படுதல், செயலாற்றல் என்னும் நான்கு படிநிலைகளில் குழுக்கள் வளர்கின்றன என்று அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965இல் வகுத்துரைத்தார். 1977இல் மேரி ஆன் ஜென்சனுடன் இணைந்து கலைதல் என்னும் ஐந்தாம் நிலையைச் சேர்த்தார். மேலாண்மைப் பாடங்களில் நிலைபெற்றுவிட்ட இக்கோட்பாடு, தன்னார்வத்தால் இயங்கும் இணையச் சமூகங்களுக்குப் பொருந்துமா என்பதைத் தமிழ் விக்கிப்பீடியாவை முன்வைத்து இக்கட்டுரை மதிப்பிடுகின்றது.

கோட்பாட்டின் எடுகோள்கள்

டக்மன் இப்படிநிலைகளைக் களஆய்வின்வழிக் கண்டறியவில்லை. முன்னர் வெளிவந்த ஆய்வுகளிலிருந்து தொகுத்தார். அவற்றுள் பெரும்பங்கு உளச்சிகிச்சைக் குழுக்களைப் பற்றியவை. ஒருங்கே கூடுதல், உறுப்பினர் பெரிதும் மாறாதிருத்தல், நேரில் பழகுதல் ஆகியன அத்தகைய குழுக்களின் இயல்புகள். மயிலம் தமிழ்க் கல்லூரியில் ஒருசேரச் சேர்ந்து ஒருசேர வெளியேறும் வகுப்பொன்று இவ்வரையறைக்குள் எளிதில் அடங்கும். விக்கிப்பீடியாச் சமூகம் அடங்காது.

வரிசை மாற்றம்

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. தொடக்கத்தில் இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன் பெரும்பாலும் தனித்தே எழுதினார். பிறர் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். குழு உருவாகுமுன்பே செயலாற்றல் நிகழ்ந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

மோதலும் ஒருமுறை நிகழ்ந்து முடிவதன்று. கிரந்த எழுத்துகளை ஏற்பதா, இயற்பியல் என்னும் தமிழக வழக்கா பௌதிகவியல் என்னும் இலங்கை வழக்கா என்பன போன்ற வினாக்கள், புதியவர் வருகையோடு மீண்டும் எழக்கூடியவை. ஆலமரத்தடி எனப் பெயரிடப்பட்ட பொது உரையாடற்களம் இதற்கென்றே உள்ளது.

நெறிப்பட்ட சமூகத்திற்குள் புறத்திலிருந்தும் மோதல் நுழையலாம். 2009 முதல் கூகுள் நிறுவனம் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கிச் சேர்த்தபோது, தலைப்புத் தேர்வும் மொழிநடையும் பற்றித் தன்னார்வலர்கள் கடுமையாக வினவினர். அத்திட்டம் பற்றிய அவர்களது மதிப்பாய்வு 2010இல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் முன்வைக்கப்பட்டது.

மறுப்பும் விடையும்

படிநிலைகள் சுழற்சியாகத் திரும்பலாம் என வாதிடுவோர் உண்டு. எனினும் வரிசையே இக்கோட்பாட்டின் உயிர்நிலை. அதனைக் கைவிட்டால் எஞ்சுவன பெயர்கள் மட்டுமே. குழுக்கள் காலவரம்பின் நடுப்புள்ளியில் திடீரெனத் திசைமாறுகின்றன என்னும் கோனி கெர்சிக்கின் 1988ஆம் ஆண்டு மாற்றுக் கருத்தும் இங்கு உதவாது. முடிவுநாளற்ற கலைக்களஞ்சியத்திற்கு நடுப்புள்ளி ஏது?

முடிவுரை

இத்தகைய சமூகத்தில் வளர்ச்சியின் அலகு குழுவன்று, விவாதப்பொருளே. ஒவ்வொரு பொருளும் தனித்தனியே மோதலுக்கும் இணக்கத்திற்கும் உட்படுகின்றது. இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. படிநிலை அளவுகோலைக் கொண்டு நோக்குவோர்க்கு, பல்லாண்டுகளுக்குப் பின்னும் தொடரும் சொல்விவாதம் முதிர்ச்சியின்மையாகத் தோன்றும். அதனை விரைந்து முடித்துவைக்கவும் முற்படுவர். அவ்வாறு முடித்தால் எண்ணிக்கையில் மிகுந்தோர் வழக்கே நெறியாகும். தமிழகமும் ஈழமும் ஒரே கலைக்களஞ்சியத்தில் இணைந்தெழுத இடந்தருவது அம்முடிவுறா விவாதமே.